பீவரை அழவிடாத கோடைக்காலம்

இந்த நாட்டில் என் மகள் கணக்குப் போடவில்லை என்றால் ஒரு பீவர் அழுகிறது. பீவர் என்பது முன்பற்கள் வெளியே நீண்டு, வால் தட்டையாக, ஆற்றில் அணை கட்டிக்கொண்டு பிழைக்கும் ஒரு பிராணி. கனடாவின் தேசிய விலங்கு. நிஜ பீவருக்கு அழுவதற்கு நேரம் இருப்பதாகத் தெரியவில்லை. நான் சொல்வது மித்ராவின் கணக்குப் பயிற்சிச் செயலியில் குடியிருக்கும் பொம்மை பீவரை. ஒருநாள் பதினைந்து நிமிடம் அவள் கணக்குப் போடாவிட்டால், மறுநாள் காலை ஏழு மணிக்கு என் தொலைபேசியில் அதன் கண்ணிலிருந்து நீலச் சொட்டுகள் விழும். கீழே, 'மித்ரா எங்கே போனாள்?' என்று ஒரு வரி வரும். காஞ்சிபுரத்தில் நான் படித்த பள்ளிக்கு ஒரு வாரம் சேர்ந்தாற்போலப் போகாமல் இருந்திருக்கிறேன். ஆஜர் எடுக்கும் சார் என் பெயரைச் சொல்லி, பதில் வராவிட்டால், தலையெண்ணிக்கையில் ஒன்று குறைந்தது என்ற நிம்மதியோடு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். யாரும் அழுததாக ஞாபகம் இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோவில் விண்ட்சர் என்ற ஊரில், கார் உதிரிபாகங்களுக்கு அச்சு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் கூரம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பிறகு டவுனுக்கு வந்து கட்டட வேலைக்குப் போனார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். எனக்குக் கணக்கு வந்தது. அதனால் பாலிடெக்னிக் வந்தது, அதனால் ஒரகடத்துக் கார் தொழிற்சாலை வந்தது, அதனால் விமானம் வந்தது. மற்றவர்களுக்குக் கணக்கு ஒரு பாடம். எனக்கு அது பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டைக் கோடை விடுமுறையில் எங்கேயாவது போட்டுவிட்டு வந்தால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்?

சென்ற ஜூன் மாதம் பள்ளி மூடுவதற்கு முன்னால் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். கோடையின் இரண்டு மாதத்தில் பிள்ளைகள் படித்த கணக்கில் ஒரு பகுதி வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். அதற்கு 'சம்மர் ஸ்லைடு' என்று ஒரு பெயர் வேறு. தினம் பதினைந்து நிமிடம் இந்தச் செயலியில் பயிற்சி செய்தால் வழுக்காது. செப்டம்பரில் நான்காம் வகுப்பு ஆசிரியை செயலியின் பதிவைப் பார்த்துப் பிள்ளைகளைக் கணக்கு மேசைகளில் உட்கார வைப்பார். மேசைகளுக்கு எண் கிடையாது. எண் போட்டால் பிள்ளைகளின் மனம் புண்படும். ஆகவே லூன், ஆட்டர், மூஸ் என்று பறவை, நீர்நாய், பெரிய கொம்பு மான் ஆகியவற்றின் பெயர்கள். எந்தப் பிராணியும் எந்தப் பிராணிக்கும் மேல் இல்லை என்று மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் இருந்தது. இதைப் படித்த இந்தியப் பெற்றோர் அனைவரும் பத்து நிமிடத்தில் வாட்ஸாப்பில் கூடி, மூஸ்தான் முதல் ரேங்க், லூன் என்றால் கடைசி பெஞ்சு என்று கண்டுபிடித்துவிட்டோம். மூன்றாம் வகுப்பிலும் இதே மேசைகள்தான், அதில் மித்ரா ஆட்டர். வழுக்கினால் லூன். எனக்கு அன்றிலிருந்து கனவில்கூடக் கொம்பு முளைத்த மான்தான் வந்தது.

ஜூலை முதல் வாரம் மனைவி கல்பனாவையும் மித்ராவையும் ஊருக்கு அனுப்பினேன். ஆகஸ்டில் இரண்டு வாரம் நான் போய் அழைத்து வருவதாக ஏற்பாடு. பெட்டியில் முதலில் வைத்தது டேப்லெட். மாற்றுத் துணி அதற்குப் பிறகு. பெரிய காஞ்சிபுரத்தில் என் அக்கா அமுதாவின் வீட்டில்தான் தங்கினார்கள். அக்கா முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறாள். பட்டுப்புடவை எடுத்தவர்கள் அப்படியே ஆட்டோவில் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போகிற இடம். அங்கே ஜூலையில் எல்லாப் பள்ளியும் நடக்கும். தெருவில் உள்ள பிள்ளைகள் காலையில் பள்ளிக்கும் மாலையில் டியூஷனுக்கும் போய்க்கொண்டிருக்கும்போது, லீவில் வந்த ஒரே பிள்ளை மித்ராதான். அங்கே யாருக்கும் வழுக்கும் பிரச்சினை இல்லை. மறப்பதற்குத் தேவையான அவகாசத்தையே பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. ஆட்டோ ஓட்டும் மாமா, அதாவது அக்காவின் கணவர், முதல் வாரமே வீடியோ காலில் கேட்டார்: "ஏம்பா, லீவுலயும் கணக்கா? இதுக்கு இன்னாத்துக்கு கனடா? இங்கயே முக்குத்தெரு டியூஷன்ல போட்டிருந்தா ஆட்டோலயே உட்டுட்டு வந்திருப்பேனே."

சொல்லிவிட்டுப் போகட்டும். என்னிடம் அறிக்கை இருந்தது. ஞாயிறுதோறும் செயலி பெற்றோருக்கு ஒரு அறிக்கை அனுப்பும். முதல் வாரம் மித்ரா இருந்த இடத்திலேயே இருந்தாள். இரண்டாவது வாரம் பின்னத்தில் நான்காம் வகுப்பு. மூன்றாவது வாரம் ஐந்து. ஜூலை முடிவதற்குள் ஆறைத் தொட்டுவிட்டாள். ஒருநாள்கூட பீவர் அழவில்லை. விண்ட்சரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிறந்தநாள் விழாவில் இந்த அறிக்கையை நான் தற்செயலாக எடுத்துக் காட்டினேன். தற்செயலாகத்தான், ஸ்கிரீன்ஷாட் மட்டும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன். இரண்டு பிள்ளைகளை டியூஷன், நீச்சல், செஸ் என்று காரில் ஏற்றி இறக்கியே இளைத்துப்போன ஒரு நண்பர், எப்படி என்று கேட்டார். ஊர்க்காற்று என்றேன். அடக்கமாகத்தான் சொன்னேன்.

ஆகஸ்டில் போய் இறங்கியபோது கண்ணால் பார்த்தேன். மத்தியானம், வாடிக்கை குறையும் நேரம். தையல் மெஷின் மேல் டேப்லெட் சாய்த்து வைத்திருந்தது. மித்ரா ஸ்டூலில், அக்கா கழுத்தில் இன்ச் டேப்போடு பக்கத்தில். பிள்ளை வாசித்து வாசித்து ஏதோ சொல்கிறாள், அக்கா வெட்டுத்துண்டு ஒன்றில் தையல் சாக்பீஸால் எண்களைக் கிறுக்குகிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். யாருடைய ஜாக்கெட் அளவோ எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மித்ரா என்னைப் பார்த்ததும் "இன்னாபா, அதுக்குள்ள வந்துட்ட?" என்றாள். விண்ட்சரில் என்னிடம் இரண்டு வார்த்தை தமிழில் பேச மூன்று முறை கெஞ்ச வைக்கும் பிள்ளை. நான் அக்காவிடம், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதால்தான் இவள் இவ்வளவு நன்றாகப் போடுகிறாள், ரொம்ப தேங்க்ஸ்க்கா என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அடக்கம் குடும்பச் சொத்து என்று நினைத்தேன்.

செப்டம்பரில் மித்ரா மூஸ் மேசையில் உட்கார்ந்தாள். ஊருக்கு போன் போட்டுச் சொன்னேன். மாமா அக்கம்பக்கத்தில், மருமகளுக்குக் கனடாவில் மான் பதவி கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் ஓடியது. இரண்டாவது வாரம் காலையில் மித்ராவுக்கு வயிற்றுவலி வந்தது. பள்ளிப் பேருந்து தெருமுனையைத் தாண்டியதும் அது தானாகச் சரியானது. மூன்றாவது வாரமும் வயிற்றுவலி. ஒரு மாலை வீட்டுப்பாடத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கணக்கும் போடாமல், சத்தமில்லாமல் அழுதாள். கோடை பூராவும் பொம்மை பீவர் கண்ணீர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்த நான், சொந்தப் பிள்ளையின் கண்ணீரை அப்போதுதான் கவனித்தேன். மறுநாள் ஆசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது.

ஆசிரியை மிஸ் கார்ட்டர் மிகவும் நல்லவர். திட்டுவதற்கு முன்னால் மூன்று நல்ல வார்த்தை சொல்லும் பயிற்சி பெற்றவர். மித்ராவின் புன்னகை, மித்ராவின் கையெழுத்து, மித்ரா செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று மூன்றையும் முடித்துவிட்டு, கணினியை என் பக்கம் திருப்பினார். செயலியின் பதிவு அவருக்குப் புரியவில்லையாம். பின்னத்தில் ஏழாம் வகுப்புத் தரம். கால், அரை, முக்கால் எதைக் கொடுத்தாலும் ஒரு தவறு கிடையாது. ஆனால் ஒரே ஒரு வகைக் கேள்வியில் ஒரு சரி கிடையாது. மைனஸ் பன்னிரண்டு டிகிரி, மைனஸ் ஐந்து டிகிரி, இதில் எது அதிகக் குளிர்? ஒவ்வொரு முறையும் ஐந்து என்றே பதில். "போன குளிர்காலம் பூராவும் இந்தப் பெண் என் ஜன்னலுக்கு வெளியே பனியில் உருண்டுகொண்டிருந்தாள். இவளுக்கு எப்படி இது தெரியாமல் போகும்?" என்று கேட்டார். எனக்கு அந்த நொடியில் தையல் மெஷினும் சாக்பீஸும் கண்ணில் வந்தன. மார்பளவை நாலால் வகுத்து ஒன்றரை கூட்டி, கழுத்துக்கு முக்கால் இறக்கி, நாள் முழுக்க இன்ச்சைக் காலாகவும் அரையாகவும் நறுக்குகிற, பனியை ஃப்ரிட்ஜில் மட்டுமே பார்த்த ஒருத்தி.

"அது மித்ரா இல்லை, அக்கா" என்றேன். என்னுடைய ஆங்கிலம் பதற்றத்தில் கட்டுரை எழுதாது. தந்திதான் அடிக்கும். மித்ராவுக்கு அக்கா என்று எடுத்துக்கொண்ட மிஸ் கார்ட்டர் முகம் மலர்ந்து, அக்கா எந்த வகுப்பு என்று கேட்டார். ஏழு என்றேன். பொய் இல்லையே. ஓ, ஏறக்குறைய ஒரே வயது, குடும்பப் பிள்ளைகள் சேர்ந்து படிப்பது எவ்வளவு நல்லது, வயது என்ன என்றார். நாற்பத்தொன்று என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்று விளக்கினேன். மிஸ் கார்ட்டர் தலையை ஆட்டிவிட்டு, கிண்டலே இல்லாத குரலில் கேட்டார்: "அப்படியா. எப்போது திரும்பப் போகப் போகிறார்?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இவர்களுக்குப் பள்ளி என்பது பேருந்து மாதிரி. இதில் இறங்கினால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் இறங்கினால் இறங்கினதுதான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? காரில் வீட்டுக்குத் திரும்பும்போது சிரிப்பு எங்கேயோ போய்விட்டது, கேள்வி மட்டும் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

மித்ரா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொள்ள அதில் குற்றம் இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை. முதல் நாள் கேள்வியில் பீட்சா படம் வந்ததாம். எட்டுத் துண்டில் மூன்று போனால் மிச்சம் எவ்வளவு என்று. இவள் விழித்தபோது அத்தை எட்டிப் பார்த்து, "இந்த ரொட்டிய எட்டா மடிச்ச துணினு நெனச்சுக்கோ கண்ணு" என்று சொல்லிப் பதிலையும் சொல்லிவிட்டாள். அப்புறம் வேலை தானாகப் பிரிந்தது. இங்கிலீஷில் இருக்கும் கேள்வியை மித்ரா தமிழாக்கிச் சொல்வாள், அத்தை கணக்குப் போடுவாள், மித்ரா விரலால் தொடுவாள். எங்கள் வீட்டில் வேலை என்றால் எப்போதும் இப்படித்தான். உன் வேலை, என் வேலை என்று கிடையாது. நடவுக்குப் போனாலும் சித்தாளாகப் போனாலும், எந்தக் கை எதற்கு வாகோ அந்தக் கை அதைச் செய்யும். மாலையில் வேலை முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்குப் பின்னால் ஒரே ஒரு தலைதான் இருக்கும் என்று நம்பிச் செய்த செயலிக்கு இது எப்படித் தெரியும்? ஆறு வாரத்தில் மித்ராவின் தமிழ் முன்னேறியது. அக்காவின் கணக்கு முன்னேறியது. நான் கட்டிய சந்தாவால் முன்னேறாமல் போனது மித்ராவின் கணக்கு ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை அக்காவைக் கூப்பிட்டேன். கோபமாகப் பேச வேண்டும் என்று குறிப்புகூட எடுத்து வைத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் மெஷின் சத்தம் நின்றது.

"கோச்சிக்காதடா தம்பி. கொழந்த மேல தப்பு இல்ல. நான்தான் குடு குடுனு கேட்டு வாங்கிக்கினேன்."

"அது சின்னப் பசங்க கணக்குக்கா."

"நான் நின்ன எடமும் அதுதானேடா" என்றாள். "பின்னம் நடத்தி முடிச்சாங்க. அடுத்த பாடம் ஆரம்பிக்கறதுக்குள்ள நின்னுட்டேன். அதுக்கப்புறம் அந்த பொஸ்தகத்துல இன்னா இருந்துச்சுனு இத்தினி வருசமா எனக்குத் தெரியாது. இதுல பாரு, ஒண்ணு முடிச்சா அடுத்தது தானா வருது. போதும் எந்திரினு யாரும் சொல்லல."

அவள் ஏன் நின்றாள் என்பது எனக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை, சொல்ல மாட்டாள். எனக்கு அப்போது மூன்று வயது. அம்மா விடியலில் சித்தாள் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். எனக்கு மூச்சிரைப்பு வேறு. யாராவது வீட்டில் இருந்தாக வேண்டும். அக்காவின் ஆஜர் புத்தகத்திலும் ஒருநாள் சார் பெயரைச் சொல்லி, பதில் வராமல், அடுத்த பெயருக்குப் போயிருப்பார். 'எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்' என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்த வாக்கியத்தை இங்கே விண்ணப்பங்களிலும் விழாக்களிலும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், பேசியிருக்கிறேன். கைதட்டலும் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு ஆளைக் கழித்துவிட்டு எழுதியிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர்.

குறிப்பை மடித்து வைத்துவிட்டு, எந்தப் பாடத்தில் சிரமம் என்று கேட்டேன்.

"அந்த மைனஸுதான்டா. பன்னெண்டு பெரிசா அஞ்சு பெரிசா? பன்னெண்டு டிகிரி இருந்தா சூடு ஜாஸ்தி. அஞ்சுதான் குளிரு. அதத்தான் போட்டேன், தப்பு தப்புனு பல்ல காட்டுது அந்த எலி. பூஜ்யம்னா ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாததுக்குக் கீழ இன்னாடா இருக்கும்?"

"நான் இருக்கேன்க்கா" என்றேன். "ஜனவரியில காட்டறேன்."

மிஸ் கார்ட்டர் மித்ராவை ஆட்டர் மேசைக்கு மாற்றினார். வயிற்றுவலி அன்றோடு நின்றது. இரண்டு கண்டம், மூன்று விமான டிக்கெட், ஒரு கோடை எல்லாம் செலவழித்து, என் மகளை ஜூனில் இருந்த அதே நாற்காலியில் வெற்றிகரமாக உட்கார வைத்திருக்கிறேன். விழா நண்பருக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் அடுத்த கோடைக்குத் தன் பிள்ளைகளை ஊர்க்காற்றுக்கு அனுப்பத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்காவிடம் பேசிய அன்று மாலையே செயலியைத் திறந்து, 'இன்னொரு குழந்தையைச் சேர்க்க' என்ற இடத்தைத் தொட்டேன். பெயர் கேட்டது, அமுதா என்று போட்டேன். வயது கேட்டது. பட்டியல் பதினான்கோடு முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயதில் ஒருவருக்குப் பின்னத்துக்கு அடுத்த பாடம் தேவைப்படும் என்று யாரும் யோசிக்கவில்லை. நான் அவள் பள்ளியை விட்ட வயதைத் தொட்டேன், பன்னிரண்டு. எந்த வகுப்பில் இருக்கிறாள்? ஏழு. பீவர் பல்லைக் காட்டி, 'அமுதா, உனக்காகத்தான் காத்திருந்தோம்' என்றது. அதை நான் இதற்கு முன் நூறு முறை கேலி செய்திருக்கிறேன். அன்று செய்யவில்லை. இப்போது ஞாயிறு அறிக்கை 'மித்ரா, அமுதா ஆகியோரின் பெற்றோருக்கு' என்று வருகிறது. உங்கள் இரு குழந்தைகளும் நன்றாக முன்னேறுகிறார்கள் என்கிறது. கல்பனா தினமும் அக்காவுக்குப் போன் போட்டு இங்கிலீஷ் கேள்வியைத் தமிழில் சொல்ல மித்ராவை எழுப்புகிறாள். அந்த ஒரு வேலைக்குத்தான் அவள் கூப்பிட்டவுடன் எழுந்திருக்கிறாள்.

ஜனவரி வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, பின்கதவில் தொங்கும் வெப்பமானி மைனஸ் பன்னிரண்டு காட்டியது. கோட்டுகூடச் சரியாகப் போடாமல் போனோடு வெளியே ஓடினேன். மித்ரா பின்னாலேயே வந்தாள். காஞ்சிபுரத்தில் அப்போது சாயங்காலம். அக்கா ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் டேப். வெப்பமானியைக் காட்டினேன். பூஜ்யத்தைக் காட்டினேன், சிவப்புக்கோடு அதற்கு எவ்வளவு கீழே இறங்கிக் கிடக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். விரல் மரத்துப்போனது. அக்கா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். "அப்போ கீழ போவப் போவ எண்ணு பெரிசாவுது, குளிரும் பெரிசாவுது" என்றாள். பிறகு பச்சைத் துணித்துண்டு ஒன்றை மடிமேல் விரித்து, சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு இழுத்து, நடுவில் பூஜ்யம் போட்டாள். எங்கூர்ல இருபத்தேழு என்று மாமாவிடம் போனைப் பார்க்கச் சொல்லி உறுதி செய்துகொண்டு, ஒரு பக்கம் புள்ளி வைத்தாள். மறுபக்கம் பன்னிரண்டில் ஒரு புள்ளி வைத்தாள். உதடு அசைந்தது.

"முப்பத்தொம்போது" என்றாள். "ஒனக்கும் எனக்கும் நடுவுல முப்பத்தொம்போது. போற வழில பூஜ்யத்த வேற தாண்டணும்."

பீவர் சொல்வதற்கு முன்னால் நானே சரி என்று சொன்னேன். இந்தப் புள்ளி நான், அந்தப் புள்ளி நீ என்று அக்கா துணியைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினாள். மித்ரா என் கையை இழுத்து முகத்தைத் திரைக்குள் நுழைத்துக் கேட்டாள்: "அத்தை, நான் எங்க?"

அக்கா சாக்பீஸை எடுத்தாள். கோட்டுக்கு மேலே அவள் கை இருபத்தேழின் பக்கம் போனது, திரும்பிப் பூஜ்யத்தின் மேல் நின்றது, மெல்ல என் பக்கம் நகர்ந்தது. குளிரில் என் போன் திணறி, படம் அப்படியே உறைந்துவிட்டது. பச்சைத் துணி, வெள்ளைக் கோடு, இன்னும் இறங்காத கை. உள்ளே வா என்று கல்பனா கதவைத் தட்டினாள். நானும் மித்ராவும் நகரவில்லை.